சீ அர்ச்சின் டேங்கை க்ளீன் பண்ணுமா, கோரலை காலி பண்ணுமா?

ரீஃப் டேங்க், அதாவது கோரல்ங்கற பவளத்தை வீட்டுல வளர்க்கிற உப்புத் தண்ணித் தொட்டி, வெச்சிருக்கிற யார்கிட்டயாவது போய் "பாசி தாங்கல, என்ன பண்றது"ன்னு கேட்டுப் பாருங்க. பாதி பேரு சீ அர்ச்சின்ங்கற கடல் முள்ளெலியைச் சொல்லி, "ஒரு அர்ச்சின் வாங்கிப் போடு, பாறையெல்லாம் பளிச்சுன்னு ஆயிடும்"பாங்க, மீதிப் பேரு "ஐயோ அர்ச்சினா, கோரலை மொத்தமா தின்னுட்டுப் போயிடும், உள்ளயே விடாத"ன்னு பயமுறுத்துவாங்க, கடைக்காரர்கிட்ட கேட்டா "ரீஃப் சேஃப் சார், கோரலுக்கு ஒண்ணும் ஆகாது, தாராளமா போடலாம்"னு ஒரே வார்த்தையில பில்லைப் போட்டுடுவாரு. மூணு பேருமே முழுப் பொய் சொல்லல. ஆனா மூணையும் சேர்த்துக் கேட்டா புதுசா டேங்க் ஆரம்பிச்சவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பாசி தின்னுற பிராணிங்களுக்கு "க்ளீனப் க்ரூ"ன்னு ஒரு பேரு வெச்சதுதான்னு நான் நினைக்கிறேன். அந்தப் பேரைக் கேட்டதும் வேலைக்கு ஆள் வெச்ச மாதிரி ஒரு நினைப்பு வந்துடுது. அர்ச்சின் யாருக்கும் வேலை பார்க்கல, அது மேயுது, அவ்வளவுதான். மேய்ச்சல்னா என்னன்னு புரிஞ்சுட்டா எதை வாங்கலாம், எத்தனை போடலாம், எப்ப பயப்படணும்னு எல்லாம் தானா விளங்கிடும்.

முதல்ல, இது என்ன பிராணி

கடல் முள்ளெலின்னு புத்தகத்துல படிச்சிருப்பீங்க. நட்சத்திர மீன், கடல் அட்டை இதெல்லாம் இதோட சொந்தக்காரங்க, மொத்தக் குடும்பத்துக்கும் முட்தோலிகள்னு பேரு. உருண்டையா ஒரு ஓடு, ஓடு மேல முள்ளு, அடியில வாய், உச்சந்தலையில கழிவு வாசல். மூளை கிடையாது, வாயைச் சுத்தி வளையமா ஒரு நரம்பும் அதுல இருந்து பிரியுற அஞ்சு நரம்பும் மட்டும்தான். கண்ணும் கிடையாது, ஆனா வெளிச்சம் தெரியும்: நீள முள்ளு கருப்பு அர்ச்சின் மேல உங்க கை நிழல் விழுந்தா போதும், அந்தப் பக்கத்து முள்ளெல்லாம் சட்டுன்னு உங்களப் பாத்துத் திரும்பும்.

கோரலும் செடி இல்ல, பாறையும் இல்ல, அதுவும் பிராணிதான். சின்னச் சின்னதா ஆயிரக்கணக்குல சேர்ந்து குடியிருக்கிற கூட்டம். அதோட சதைக்குள்ள ஒரு நுண்பாசி வாடகை இல்லாம உக்காந்துக்கிட்டு, வெளிச்சத்துல சாப்பாடு செஞ்சு வீட்டுக்காரருக்கும் குடுக்குது. அதனாலதான் கோரலுக்கு லைட் அவ்வளவு முக்கியம், அதனாலதான் வெளியில இருந்து முடி மாதிரி பாசி வளர்ந்து மேல மூடுனா கோரல் மூச்சு முட்டிச் சாகுது. உள்ள இருக்கிற பாசி நண்பன், வெளியில ஏறுற பாசி எதிரி. அர்ச்சினோட வேலை அந்த எதிரிப் பாசிகிட்ட.

கிடை போட்ட வயல்

தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிஞ்சதும் ராமநாதபுரம் கீதாரிங்க ஆட்டு மந்தையை ஓட்டிட்டு வருவாங்க, விவசாயி தன் வயல்ல ராத்திரி கிடை போடச் சொல்லி அதுக்குக் காசும் குடுப்பாரு. எதுக்கு? ஆடு பகல்ல சுத்துவட்டாரத்துல இருக்கிற புல்லையெல்லாம் மேய்ஞ்சுட்டு வந்து ராத்திரி புழுக்கையாவும் மூத்திரமாவும் வயல்ல விட்டுட்டுப் போகும், அடுத்த போகத்துக்கு அதுதான் உரம். ஆடு வயலை "சுத்தம்" பண்ணுதுன்னு எந்த விவசாயியும் சொல்ல மாட்டாரு. அது உரம் போடுது.

இப்ப அந்த ஆட்டை வெளியில எங்கயும் விடாம நாலு சுவத்துக்குள்ள அடைச்சு வெச்சுக்கங்க. அங்கயே முளைக்கிற புல்லை அங்கயே மேய்ஞ்சு அங்கயே புழுக்கை போடுது, அந்தப் புழுக்கையில மறுபடி புல்லு முளைக்குது. ரீஃப் டேங்க்ல அர்ச்சின் பண்றது இதேதான். இது வெறும் பேச்சுக்குச் சொன்ன உவமையும் இல்ல, அர்ச்சின் மேய்ஞ்ச ஒரு நாள் கழிச்சு மணல்ல பாருங்க, குட்டி குட்டியா உருண்டை உருண்டையா பச்சையும் பழுப்புமா கெடக்கும், சாட்சாத் புழுக்கையேதான்.

அப்ப பாசி எங்கதான் போகுது?

பாசி வளர ரெண்டு சத்து முக்கியம், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். நீங்க மீனுக்குப் போடுற தீனியில இருந்துதான் ரெண்டும் வருது. தீனியை மீன் தின்னு கழிவு போடுது, அந்தக் கழிவுல இருந்து அம்மோனியா வருது, பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி அப்புறம் நைட்ரேட் ஆக்குது, அதோட அந்தச் சங்கிலி பெரும்பாலும் நின்னுடுது, நைட்ரேட் தண்ணியில சேர்ந்துக்கிட்டே இருக்கும். பாஸ்பேட்டும் அப்படியே தங்கும். பாசிங்கறது இந்த ரெண்டு சத்தையும் உறிஞ்சி உடம்பா மாத்தி வெச்சிருக்கிற ஒரு குடோன்னு வெச்சுக்கலாம்.

அர்ச்சின் அந்தப் பாசியைத் தின்னா குடோன் உடையுது. கொஞ்சம் அர்ச்சினோட உடம்புல சேருது, மிச்சம் புழுக்கையா கீழ விழுது, பாக்டீரியா அதை உடைச்சு மறுபடி தண்ணிக்குள்ளயே விட்டுடுது. பாசி கண்ணுக்குத் தெரியல, ஆனா அதுல இருந்த சத்து டேங்கை விட்டு வெளிய போகவே இல்ல. இதனாலதான் சில பேரு "அர்ச்சின் போட்டப்புறம் முடிப்பாசி போச்சு, ஆனா கண்ணாடியில பழுப்பா படலம் வர ஆரம்பிச்சிடுச்சு, நைட்ரேட்டும் ஏறுது"ன்னு குழம்புவாங்க. அர்ச்சின் மேல தப்பு இல்ல, சத்து இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

சத்தை வெளிய எடுக்கிறதுன்னா அது உங்க கை வேலை. வாட்டர் சேஞ்ச் பண்றப்ப மணல்ல கெடக்கிற புழுக்கையை ட்யூப் வெச்சு உறிஞ்சி எடுக்கணும், ஃபில்டர் சாக்ஸை அழுக்கு மக்கறதுக்குள்ள மாத்தணும், புரோட்டீன் ஸ்கிம்மர் ஓடணும். ஸ்கிம்மர்ங்கறது குட்டிக் குட்டிக் காத்துக் குமிழியை விட்டு, தண்ணியில கரைஞ்ச கழிவை நுரையா மேல ஏத்தி ஒரு கப்புல கொட்டுற மெஷின், அந்தக் கப்பை நாத்தத்தோட கழுவி ஊத்துறீங்க பாருங்க, அதுதான் உண்மையான சுத்தம். சம்ப்ல, அதாவது டேங்கோட இணைச்ச ஃபில்டர் தொட்டியில, கீட்டோன்னு ஒரு பாசியை வளர்த்து மாசம் ஒரு கைப்பிடி பிடுங்கிப் போடுறவங்களும் இதே கணக்குலதான் பண்றாங்க.

சரி, அப்ப அர்ச்சின் எதுக்குன்னு கேப்பீங்க. பாசிக்கு ஒரு குணம் இருக்கு: குட்டையா இருக்கறப்ப மேயறதும் சுலபம், கட்டுப்படுத்துறதும் சுலபம், ஒரு தடவை நீளமா வளர்ந்துட்டா அழுக்கைப் பிடிச்சு வெச்சுக்கும், கோரல் மேல சாயும், மீனும் நத்தையும் அதைத் தொடாது. அந்தக் கட்டத்துக்குப் போக விடாம தெனமும் மழிச்சு வெக்கிற வேலையை அர்ச்சின் அளவுக்கு வேற எதுவும் பண்ணாது. அதனால முறை என்னன்னா, நீளப் பாசியை முதல்ல நீங்க கையால பிடுங்கி வெளிய போடணும், அப்புறம் முளைக்கிற குட்டைப் பாசியை அர்ச்சின்கிட்ட விடணும்.

இதுவரைக்கும் சொன்னதைக் கொஞ்சம் திரும்பிப் பாத்துக்கலாம். அர்ச்சின் பாசியைக் குறைக்கும், பாசிக்கான சத்தைக் குறைக்காது. சத்தை எடுக்கிறது வாட்டர் சேஞ்சும் ஸ்கிம்மரும் உங்க கையும்தான்.

அஞ்சு பல்லு வெச்ச வாய்

ராத்திரி டார்ச் அடிச்சு, கண்ணாடியில ஒட்டி மேயற அர்ச்சினோட அடிப்பக்கத்தைப் பாருங்க, எனக்கு இந்த ஹாபியிலயே பிடிச்ச காட்சி அது. நடுவுல வட்டமா ஒரு சதை, அதுக்குள்ள இருந்து அஞ்சு வெள்ளைப் பல்லு ஒரே நேரத்துல வெளிய நீண்டு, கண்ணாடியில ஒரு தடவை சுரண்டிட்டு, நடுவுல வந்து ஒண்ணா மூடும். திரும்பத் திறக்கும், மூடும். ஒவ்வொரு தடவையும் படிஞ்ச பாசியில அஞ்சு கோடு போட்ட குட்டி நட்சத்திரம் ஒண்ணு பதியும், அது நகர்ந்து போன வழி முழுக்க நட்சத்திரமா இருக்கும்.

இந்த அஞ்சு பல்லும் அதைப் பிடிச்சிருக்கிற எலும்பு மாதிரி சட்டமும் தசையும் சேர்ந்த அமைப்புக்கு அரிஸ்டாட்டில் லாந்தர்னு பேரு, ரெண்டாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே அந்த மனுஷன் அர்ச்சினை விளக்குக் கூடோட ஒப்பிட்டு எழுதி வெச்சிருக்காரு. பல்லு கால்சைட்னு ஒரு கனிமத்தால ஆனது, சுண்ணாம்புக்கல்லுலயும் அதேதான் இருக்கு. முனை தேயத் தேய பின்னாடி இருந்து புதுசா வளர்ந்துக்கிட்டே வரும், தேயற விதமும் முனை கூர்மையாவே இருக்கிற மாதிரிதான் இருக்கும், சாணை பிடிக்கவே வேண்டாம்.

இவ்வளவு பலமான பல்லு இருக்கறதால அர்ச்சின் பாசியை மட்டும் நுனிப்புல் மேயாது, பாறையோட மேல் தோலையும் சேர்த்துச் சுரண்டும். இங்கதான் புதுசா வந்தவங்க பயப்படுறது. பாறையில ஊதாவா, பிங்க்கா ஒரு பூச்சு படிஞ்சிருக்கும், அதுக்குக் கோரலைன் பாசின்னு பேரு, பேர்ல கோரல் இருந்தாலும் இது கோரல் இல்ல, உடம்புல சுண்ணாம்பு சேக்கிற ஒரு பாசி. பாசின்னா அர்ச்சினுக்கு சாப்பாடுதானே, அதையும் சுரண்டும். மாசக்கணக்கா ஆசையா வளர்த்த ஊதாப் பாறையில வெள்ளை வெள்ளையா தடம் விழுந்தா வயிறு எரியும்தான், ஆனா கால்சியம் சரியா இருக்கிற டேங்க்ல அது மறுபடி வளர்ந்துடும். ஊதாப் பாறைதான் எனக்கு முக்கியம், ஒரு கீறல் கூட ஆகாதுன்னு நினைக்கிறவங்க அர்ச்சின் பக்கமே போகாதீங்க. அக்ரிலிக் டேங்க் வெச்சிருக்கிறவங்களும் யோசிச்சுக்கங்க, இந்தப் பல்லு அக்ரிலிக்ல கீறல் போடும், கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது.

கோரலைத் தின்னுமா, தின்னாதா

"ரீஃப் சேஃப்"ங்கற வார்த்தையை ஆமா, இல்லன்னு பதில் சொல்ற கேள்வி மாதிரி எல்லாரும் பேசறாங்க. அது அப்படி இல்ல. எந்த இனம், எவ்வளவு சாப்பாடு இருக்கு, கோரல் எப்படி ஒட்டியிருக்கு, இந்த மூணையும் பொறுத்தது.

கடைகள்ல கிடைக்கிற டக்சிடோ அர்ச்சின் மாதிரி பாசி மேயற இனங்க வயிறு நிறையப் பாசி இருக்கிற வரைக்கும் உயிரோட இருக்கிற கோரலைத் தேடிப் போகாது. ஆனா பாறை காலியாயிட்டா பட்டினி ஆடு தோட்டத்துச் செடியைக் கடிக்காதா? அதேதான். கோரலோட அடிப்பாகத்துல செத்துப்போன எலும்புக்கூட்டுல பாசி இருக்கும், அதைச் சுரண்டுறேன்னு போய் ஓரத்துல இருக்கிற உயிருள்ள சதையையும் சேர்த்துச் சுரண்டிடும். அதுக்குக் கோரல் மேல விரோதம் ஒண்ணும் இல்ல.

பென்சில் அர்ச்சின் கதை வேற. தடிமனா குச்சி குச்சியா முள்ளு இருக்கும், பார்க்க அழகா இருக்கும், அதுக்குப் பாசி மட்டும் பத்தாது, ஸ்பாஞ்சு, ஒட்டி வாழற மத்த பிராணிங்கன்னு எல்லாத்தையும் மேயும். கலபகோஸ் தீவுகள்ல இந்தக் குடும்பத்து அர்ச்சின் ஒண்ணு உயிருள்ள கோரலையே மேயறதை விஞ்ஞானிங்க பதிவு பண்ணியிருக்காங்க. கோரல் டேங்க்ல இதை நான் போட மாட்டேன்.

நடைமுறையில கோரல் போறது பெரும்பாலும் பல்லால இல்ல, உடம்பால. ஃப்ராக்னா பெரிய கோரல்ல இருந்து வெட்டின சின்னத் துண்டு, அதை ஒரு குட்டிக் கட்டையில ஒட்டி விப்பாங்க. அதைப் பாறையில சும்மா சொருகி வெச்சிருந்தா அர்ச்சின் அந்தப் பக்கமா ஒரு நடை நடந்தாலே கீழ தள்ளிவிட்டுடும், மணல்ல குப்புற விழுந்த ஃப்ராக் ரெண்டு நாள் கவனிக்காம விட்டா வெள்ளையா ஆயிடும், பழி அர்ச்சின் தின்னுடுச்சுன்னு வரும். ஜெல் பசையும் எபாக்ஸி மாவும் சேர்த்துப் போட்டு ஃப்ராக்கை உறுதியா ஒட்டுங்க, பாறை அடுக்கையும் ஆட்டிப் பாருங்க, ஆடுதுன்னா அர்ச்சின் வர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுங்க.

அதுல ஒரு வேடிக்கை, டக்சிடோவும் கலெக்டர் அர்ச்சினும் கிடைச்சதையெல்லாம் எடுத்துத் தலையில வெச்சுக்கும். சிப்பி, பாசித் துண்டு, காலி நத்தை ஓடு, எதுவும் கிடைக்கலன்னா உங்க விலை உயர்ந்த ஃப்ராக். வெளிச்சத்துல இருந்து காத்துக்கத்தான் இது இப்படிப் பண்ணுதுன்னு ஆராய்ச்சிங்க சொல்லுது. காலையில எழுந்து பாத்தா ஜோவாந்தஸ் ஃப்ராக் ஒண்ணு தொப்பி மாதிரி டேங்க் முழுக்க ஊர்வலம் போயிட்டிருக்கும். அதுக்குன்னு நாலு காலி சிப்பி ஓட்டை மணல்ல போட்டு வைங்க, பாதி நேரம் அதை எடுத்துக்கும்.

சுருக்கமா, பாசி மேயற இனம், வயித்துக்குப் பத்துற சாப்பாடு, நல்லா ஒட்டின கோரல், இந்த மூணும் இருந்தா ரீஃப் சேஃப். ஒண்ணு குறைஞ்சாலும் அந்த வார்த்தைக்கு மதிப்பு கிடையாது.

கடல்ல நடந்ததைப் பாத்தா இன்னும் புரியும்

கரீபியன் கடல்ல டையடீமா ஆன்டில்லாரம்னு நீள முள்ளு கருப்பு அர்ச்சின் எக்கச்சக்கமா இருந்துச்சு. 1983 ஜனவரியில பனாமா பக்கம் ஏதோ ஒரு நோய் ஆரம்பிச்சு, அடுத்த வருஷத்துக்குள்ள கரீபியன் முழுக்கப் பரவி 90 சதவீதத்துக்கும் மேல செத்துப் போச்சு. ஜமைக்காவுல ஏற்கனவே மீன் எல்லாத்தையும் பிடிச்சுத் தீத்திருந்தாங்க, 1980-ல ஆலன் புயல் வேற கோரலை அடிச்சு நொறுக்கியிருந்துச்சு, பாசி மேயறதுக்கு மிச்சம் இருந்தது அர்ச்சின் ஒண்ணுதான். அதுவும் போனதும் பாறை முழுக்க பாசி ஏறிடுச்சு: 1970-கள் கடைசியில கடலடியில பாதி அளவுக்கு இருந்த உயிருள்ள கோரல், 1990-கள் தொடக்கத்துல 5 சதவீதத்துக்கும் கீழ இறங்கிடுச்சு. கோரல் குஞ்சு வந்து ஒட்டிக்கறதுக்குச் சுத்தமான பாறை வேணும், மேயறதுக்கு ஆள் இல்லன்னா அந்த இடம் கிடைக்காது. 2022-ல மறுபடி அங்க ஒரு சாவு வந்துச்சு, இந்தத் தடவை காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க, மயிரிழை வெச்சு நீந்துற ஒரு செல் நுண்ணுயிர் ஒண்ணு.

இதைக் கேட்டதும் அர்ச்சின் நிறைய இருந்தா நல்லதுதானேன்னு தோணும். கென்யா கரையில போய்ப் பாக்கணும். அங்க அர்ச்சினைத் தின்னுற ட்ரிகர் மீனையெல்லாம் மனுஷங்க பிடிச்சுட்டதால பாறை குடையுற எக்கினோமெட்ரா அர்ச்சின் அளவுக்கு மீறிப் பெருகி, கோரல் கட்டுற வேகத்தை விட வேகமா பாறையையே சுரண்டிக் கரைச்சிடுச்சு. இல்லாமலே போனாலும் கேடு, அளவுக்கு மிஞ்சினாலும் கேடு. உங்க டேங்க் ஒரு சின்னக் கடல், இந்தத் தராசு அதுக்கும் உண்டு.

ஹவாய்காரங்க பண்ணினதுதான் நமக்கு நேரடிப் பாடம். ஒவாஹு தீவுல கனியோஹே வளைகுடாவுல வெளியூர்ப் பாசி கப்பாஃபைகஸ் கோரல் மேல மெத்தை மாதிரி படர்ந்துடுச்சு. அவங்க நேரா அர்ச்சினைக் கொட்டல. முதல்ல படகுல ராட்சத வேக்யூம் பம்ப்பை வெச்சு முக்குளிப்பாளருங்க பாசியை உறிஞ்சி எடுத்தாங்க, அந்தப் பாசி உரமா விவசாயிங்களுக்குப் போச்சு. அதுக்கப்புறம்தான் 2011-ல இருந்து, குஞ்சுப் பண்ணையில வளர்த்த கலெக்டர் அர்ச்சினை லட்சக்கணக்குல விட்டாங்க, மிச்சம் முளைக்கிறதை மேய. கையால எடுத்துட்டு அப்புறம் மேய விடுறதுன்னு மேல சொன்னேனே, அதே வரிசை. இந்த கப்பாஃபைகஸ் நம்ம மன்னார் வளைகுடாவுலயும் குருசடைத் தீவு பக்கம் கோரல் மேல ஏறியிருக்குன்னு 2008-ல பதிவாச்சு, அங்கயும் கையால பிடுங்கித்தான் எடுக்கிறாங்க.

காலெல்லாம் கடல் தண்ணி

அர்ச்சின் வாங்கி ரெண்டு நாள்ல செத்துப் போச்சுன்னு சொல்றவங்க கதையில பாதி இங்கதான் இருக்கு.

முள்ளுக்கு நடுவுல நூல் மாதிரி, நுனியில உறிஞ்சி ஒட்டுற கிண்ணத்தோட நீண்டு நீண்டு சுருங்குதே, அதுதான் குழாய்க்கால். அதைச் சுருக்குறது தசை, நீட்டுறது முழுக்க தண்ணி அழுத்தம். உச்சந்தலையில சல்லடை மாதிரி ஒரு தட்டு இருக்கு, உள்ள இருக்கிற குழாய்ங்க அது வழியா வெளிக்கடலோட தொடர்புல இருக்கும். அதாவது உடம்புக்குள்ள ஓடுறதும் கிட்டத்தட்ட வெளியில இருக்கிற அதே உப்புத் தண்ணிதான். மீனுக்குச் சிறுநீரகமும் செவுளும் வெச்சு உப்பைச் சமாளிக்கிற வசதி இருக்கு, அர்ச்சினுக்கு அது கிடையாது. வெளியில உப்பு மாறினா உள்ள இருக்கிற ஒவ்வொரு செல்லும் அதோட சேர்ந்து வீங்கும், இல்ல சுருங்கும்.

கடைத் தண்ணியில உப்பு ஆயிரத்துக்கு 31 பங்கு, உங்க டேங்க்ல 35 பங்குன்னு வெச்சுக்கங்க, கவர் தண்ணியோட பத்து நிமிஷம் மிதக்க விட்டு அப்படியே கொட்டுனா மீன் தாங்கிடும், அர்ச்சின் தாங்காது. அதனால ட்ரிப் முறை: அர்ச்சினைக் கடைத் தண்ணியோட ஒரு வாளியில வெச்சு, ஏர் ட்யூப்ல முடிச்சுப் போட்டு டேங்க் தண்ணி சொட்டுச் சொட்டா விழற மாதிரி விடுங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகட்டும், உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல பாத்து ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்தப்புறம் மாத்துங்க. ஆவியாகிற தண்ணிக்கு உப்பு இல்லாத ஆர்ஓ தண்ணியைத்தான் ஊத்தணும், அதையும் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா. வாரக் கடைசியில மொத்தமா ஒரு பக்கெட் ஊத்துற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

தாமிரமும் ஆபத்துதான். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போடுற மருந்துல பலதுல தாமிரம் இருக்கு, முதுகெலும்பில்லாத பிராணிங்களுக்கு அது விஷம். கோரல் இருக்கிற டேங்க்ல அந்த மருந்து விழவே கூடாது, ஏற்கனவே விழுந்த பாறையும் வேண்டாம்.

சூட்டைப் பத்தி ஒரு வரி: 24ல இருந்து 26, 27 டிகிரி வரைக்கும் நல்லது, சென்னை மே மாசத்துல சில்லர் இல்லாத டேங்க் 30ஐ சுலபமா தாண்டும், அங்க அர்ச்சினும் கோரலும் ரெண்டுமே தவிக்கும்.

இன்னொண்ணு, கண்ணாடியில ஒட்டியிருக்கிற அர்ச்சினைப் பிடிச்சு இழுக்காதீங்க, குழாய்க்கால் கண்ணாடியிலயே அறுந்து நின்னுடும். மெதுவா ஒரு ஓரத்துல விரலை விட்டு நெம்புனா அதுவே விடும்.

ஓட்டுக்கும் சுண்ணாம்பு, கோரலுக்கும் சுண்ணாம்பு

அர்ச்சினோட ஓடு, முள்ளு, பல்லு மூணுமே கால்சைட். கல் கோரலோட எலும்புக்கூடும் கால்சியம் கார்பனேட்தான். ரெண்டு பேரும் ஒரே தண்ணியில இருந்து ஒரே சரக்கைத்தான் எடுக்கறாங்க, அதனால கோரலுக்குப் பாக்கிற அளவே அர்ச்சினுக்கும் சரி: கால்சியம் 400ல இருந்து 450 பிபிஎம், மெக்னீசியம் 1250ல இருந்து 1350, ஆல்கலினிட்டி 8ல இருந்து 11 டிகேஹெச். ஆல்கலினிட்டின்னா தண்ணியோட பிஹெச் சடார்னு கீழ இறங்காம தாங்கிப் பிடிக்கிற சக்தி, பெரும்பாலும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும், ஓடு கட்டுறதுக்கு அதுதான் இன்னொரு பாதிச் சரக்கு. இந்த நம்பரைத் துரத்துறதை விட ஒரே அளவுல நிலையா வெச்சுக்கறது முக்கியம்.

எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

முதல் அர்ச்சின்னா என் ஓட்டு டக்சிடோவுக்கு. எலுமிச்சம்பழத்தை விட அவ்வளவு பெருசாகாது, குட்டை முள்ளு, நீலப் பட்டை, சின்ன டேங்குக்கு ஒண்ணே ஒண்ணு போதும். கலெக்டர் அர்ச்சின் மேயறதுல சூரன், ஆனா 15 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், பெரிய டேங்க் வெச்சிருந்தா மட்டும். நீள முள்ளு டையடீமா பகல்ல இடுக்குல ஒளிஞ்சிருந்து ராத்திரி வெளிய வரும், பாசியைச் சுத்தமா வழிச்சிடும், ஆனா முள்ளு ஊசி மாதிரி, டேங்குக்குள்ள கை விடுறப்பல்லாம் அது எங்க இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும், குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேண்டாம்.

ஃப்ளவர் அர்ச்சின் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டவே வேண்டாம். பூ மாதிரி விரிஞ்சு தெரியறது முள்ளு இல்ல, பெடிசெல்லேரியா, அதாவது காம்பு மேல நிக்கிற மூணு தாடைக் குறடு. எல்லா அர்ச்சினுக்கும் மேல விழற அழுக்கை எடுத்துப் போட இது சின்னதா இருக்கும், ஃப்ளவர் அர்ச்சினுக்கு அது பெருசா, கடுமையான விஷத்தோட இருக்கு. ஃபயர் அர்ச்சினும் அப்படித்தான், முள்ளு நுனியில விஷப் பை.

மீன்ல ட்ரிகர், பஃபர் ரெண்டும் அர்ச்சினைப் புரட்டிப் போட்டுத் தின்னுடும், சேர்த்து வெக்காதீங்க.

கடலுக்குப் போய் நாமே எடுத்துக்கலாமேன்னு சில பேரு கேக்கறாங்க. கல் கோரல் எல்லாமே 2001-ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986-ல இருந்து தேசியப் பூங்கா. அங்க இருந்து ஒரு துண்டு கோரலோ பாறையோ எடுக்கிறது குற்றம். கடையில வாங்கறப்பவும் கோரல் எங்க இருந்து வந்துச்சு, பேப்பர் இருக்கான்னு கேளுங்க, மழுப்பினா வந்துடுங்க.

சாப்பாடு

டேங்க் ஆரம்பிச்சு குறைஞ்சது ஆறு மாசம் ஆகட்டும், புது டேங்க்ல மேயறதுக்கு ஒண்ணுமே இருக்காது. பழைய டேங்க்லயும் ஒரு கட்டத்துல பாசி தீந்துடும், நல்ல விஷயம்தான், ஆனா அன்னிக்குத்தான் பட்டினி ஆரம்பிக்குது. அர்ச்சின் மெலியறது வெளியில தெரியாது, ஓடு அதே சைஸ்ல இருக்கும், உள்ள காலியாயிட்டே போகும். வாரத்துல ரெண்டு மூணு தடவை மசாலா சேர்க்காத நோரித் தாளை, அதாவது காய வெச்ச கடல்பாசித் தாளை, ஒரு துண்டு கிழிச்சு அது நடக்கிற வழியில கல்லுக்கு அடியில சொருகி வைங்க, முள்ளு மேலயே வெச்சா கூட குழாய்க்கால் ஒவ்வொண்ணா கை மாத்தி வாய்க்கு இறக்கிடும். அந்த நோரியும் புழுக்கையாத்தான் முடியும்ங்கறதை மறந்துடாதீங்க, மிச்சத்தை மறுநாள் எடுத்துடுங்க.

முள்ளு கொட்டினா, முள்ளு குத்தினா

ஒண்ணு ரெண்டு முள்ளு மணல்ல கெடந்தா பரவாயில்ல, திரும்ப முளைக்கும். வழுக்கை மாதிரி திட்டுத் திட்டா கொட்டுச்சு, குழாய்க்கால் ஒட்டாம தொங்குது, புரட்டிப் போட்டா திரும்பி எழுந்திரிக்கலன்னா உடனே உப்பு அளவு, சூடு, அம்மோனியா மூணையும் பாருங்க. செத்துடுச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே எடுத்துடணும், சின்ன டேங்க்ல ஒரு அர்ச்சின் அழுகினா அம்மோனியா ஏறி மீனையும் கோரலையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும்.

உங்க கையில குத்திடுச்சுன்னா, வெளியில தெரியற முள்ளை ட்வீசர்ல நேரா உருவுங்க, சுடு தண்ணியில, தோல் வெந்து போகாத அளவுக்குத் தாங்குற சூட்டுல, அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் கையை வெச்சா வலி குறையும். சோப்பு போட்டுக் கழுவுங்க. அர்ச்சின் முள்ளு சட்டுன்னு உள்ளயே முறியும், ஊசியை விட்டுக் கிளறினா இன்னும் பொடிப்பொடியா போயிடும். மூட்டுக்குள்ள இறங்கியிருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க, உள்ள மாட்டியிருக்கிற துண்டு எக்ஸ்ரேல தெரியும், கால்சியம்தானே.